மலை இறங்கியவர்களின் மைதானம்

2016 மே 10 அன்று, கிழக்கு லண்டனின் அப்டன் பார்க்கில் இரவு ஏழே முக்காலுக்குத் தொடங்க வேண்டிய கால்பந்தாட்டம் முக்கால் மணி நேரம் தள்ளிப்போனது. மான்செஸ்டர் யுனைடெட் அணி வந்த பேருந்தைத் தெருவில் மறித்த கூட்டம் பாட்டில்களை வீசியதுதான் காரணம். 1904 முதல் வெஸ்ட் ஹாம் அணியின் சொந்த மண்ணாக இருந்த அந்த மைதானத்தில் அதுவே கடைசி ஆட்டம். 2-1 என்று பின்தங்கியிருந்த வெஸ்ட் ஹாம், கடைசிக் கால் மணி நேரத்தில் இரண்டு கோல் போட்டு 3-2 என்று வென்றது. வின்ஸ்டன் ரீட் தலையால் முட்டிய பந்து உள்ளே போனபோது கிழவர்கள் அழுதார்கள். பிறகு மைதானத்தை இடித்தார்கள். இன்று அங்கே அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன.

தேனி மாவட்டத்து மலர் ஒன்றில் லண்டன் மைதானத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அப்டன் பார்க்கிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருப்பது ஈஸ்ட் ஹாம். லண்டனில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளும் தோசைக்கடைகளும் நெருங்கிக் கிடக்கும் கடைவீதி அங்கேதான் இருக்கிறது. மகாலட்சுமி கோயிலும் முருகன் கோயிலும் அந்த வட்டாரத்திலேயே உள்ளன. ஆட்ட நாள்களில் சிவப்பும் நீலமும் கலந்த சட்டைக்கூட்டம் அந்தத் தெருக்களை அடைத்துக்கொண்டு போவதைப் பார்த்தே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் அங்கு உண்டு. இன்னொரு தொடர்பும் இருக்கிறது. ஈஸ்ட் ஹாமிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இல்ஃபோர்டு. 1948 ஜூலை 31 அன்று அங்கிருந்த ஒரு சிறிய மைதானத்தில்தான் இந்திய அணி, பெரும்பாலோர் வெறுங்காலுடன், ஒலிம்பிக்கில் பிரான்சை எதிர்த்து ஆடி 2-1 என்று தோற்றது. இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்ட அந்த ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன்.

அப்டன் பார்க்கை விட்டுப் போன புது மைதானத்தில் வெஸ்ட் ஹாம் ரசிகர்களுக்கு என்ன குறை? இருக்கை கூடியது, கழிப்பறை சுத்தமானது. ஆனால் அது 2012 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய தடகள அரங்கம். பார்வையாளருக்கும் புல்தரைக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிட்டது. பழைய இடத்தில் மூலைப்பந்து அடிக்க வருகிற ஆட்டக்காரரின் மூச்சு கேட்கும். திட்டினால் அவர் காதில் விழும். கிழக்குப் பக்கத்து மரப்படி வரிசைக்கு ரசிகர்கள் வைத்திருந்த பெயர் ‘கோழிக்கூடு’. அந்த மரப்படிகளை 1960-களின் இறுதியிலேயே பிரித்துவிட்டு வேறு கட்டினார்கள். பெயர் மட்டும் மைதானம் இருந்த வரையில் போகவில்லை. இடித்துப்போட்ட தியேட்டரின் பெயரையே பேருந்து நிறுத்தத்துக்கு இன்னும் வைத்துக்கொண்டிருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த ஏக்கத்துக்கு ஐரோப்பியர்கள் வைத்த பெயர் முதலில் ஒரு நோயின் பெயர். 1688-இல் பாசல் நகரத்து மருத்துவ மாணவர் யோஹானஸ் ஹோஃபர், வீடு திரும்புதல், வலி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி ‘நாஸ்டால்ஜியா’ என்ற சொல்லை உருவாக்கினார். அவர் காட்டிய நோயாளிகளில் ஒருவன் பெர்ன் நகரத்திலிருந்து பாசலுக்குப் படிக்க வந்த மாணவன். சாகக் கிடந்தவனை ஊருக்கு அனுப்பத் தீர்மானித்தார்கள், வழியிலேயே தேறிவிட்டான். கொஞ்ச காலம் கழித்து ஷாய்க்ஸர் என்ற சுவிஸ் அறிஞர் இதற்கு ஒரு பௌதிகக் காரணமும் சொன்னார்: மலையின் மெல்லிய காற்றுக்குப் பழகிய உடம்பு சமவெளிக்கு இறங்கும்போது, அங்குள்ள கனத்த காற்று அதை அமுக்குகிறதாம். விஞ்ஞானமாக இது நிற்காது. ஆனாலும் மூணாறிலிருந்து போடிநாயக்கனூருக்கு இறங்கி வந்து குடியேறிய ஒருவரிடம் சொன்னால் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார். அந்த 70 கிலோமீட்டர் சாலையில் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்திலிருந்து 350 மீட்டருக்கு இறங்கியாக வேண்டும்.

தேனிப் பக்கத்தில் ‘பழைய மைதானம்’ என்ற பேச்சு உயிரோடு இருப்பது இந்தச் சாலையில்தான்.

தேயிலை மலைகளுக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்கும் உள்ள உறவு ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேற்பட்டது. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். காட்டை வெட்டித் தோட்டம் போட ஆள் வேண்டும். அன்றைய மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் குடும்பம் குடும்பமாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆள் ஏறிய திசையிலேயே தேயிலை இறங்கியது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை சிறு ரயிலிலும், அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் குரங்கணிப் பக்கத்துக் கொட்டகுடிக்கும், பிறகு மாட்டுவண்டியில் போடிக்கும் தேயிலைப் பெட்டிகள் வந்தன. அந்த ரயில்பாதையை 1924 ஜூலை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. போடிக்கு அகல ரயில் எட்டிப்பார்க்க 2023 ஜூன் வரை காத்திருந்த கதை வேறு. மீட்டர் கேஜ் வண்டி 2010-இன் இறுதியோடு நின்று போயிருந்தது. ஏக்கம் போடிக்குப் புதிது இல்லை.

தோட்டங்களை நடத்திய ஜேம்ஸ் ஃபின்லே நிறுவனத்தின் பெயரில் மூணாறில் ஒரு கால்பந்துப் போட்டி பிறந்தது. அதுதான் ஃபின்லே ஷீல்டு. 1940-களில் துரைமார் காலத்தில் தொடங்கியது, 1964-இல் டாடா கூட்டுச் சேர்ந்து, பிறகு டாடா டீ ஆகி, 2005-இல் தொழிலாளர்களும் பங்குதாரர்களான கண்ணன் தேவன் மலைத் தோட்ட நிறுவனம் வந்த பிறகும் நிற்கவில்லை. முதலாளி மாறினாலும் கேடயத்தின் பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. ஆடுவது எஸ்டேட்டுக்கு எஸ்டேட். பெயர்களைச் சொல்லிப் பார்த்தாலே தமிழ் மணக்கும்: குண்டுமலை, கன்னிமலை, நல்லதண்ணி, பெரியவாரை, மாட்டுப்பட்டி, சொக்கநாடு, எல்லப்பட்டி, வாகுவாரை. கொழுந்துக் கூடையும் கவாத்துக் கத்தியும் தூக்குகிற குடும்பங்களின் பையன்கள்தான் ஆட்டக்காரர்கள். லயம் எனப்படும் ஒரே வரிசை வீடுகளில் சுவருக்குச் சுவர் ஒட்டி வாழ்கிறவர்கள் அன்றைக்கு ஒரு கொடியின் கீழ் நிற்கிறார்கள்.

பழைய மூணாறில் உள்ள மைதானத்துக்குக் கூரை போட்ட மாட அரங்கம் தேவைப்பட்டதில்லை. சுற்றிலும் உள்ள மலைச்சரிவும் தேயிலையுமே அதற்குச் சுவர். மூடுபனி இறங்கினால் எதிர்க்கோடியில் கோல் கம்பம் மறைந்துபோகும். கூட்டத்தின் ஒரு பக்கத்துச் சத்தத்தை வைத்துத்தான் மறுபக்கம் கோல் என்று தெரிந்துகொள்ளும். ஆட்டம் பகலில் முடிந்துவிடும். ஆனால் நினைவில் தங்குவது ராத்திரிதான். ஜெயித்த எஸ்டேட்டின் ஆட்கள் வளைந்த சாலைகளில் லயத்துக்குத் திரும்பும்போது இருட்டிவிடும், குளிரும் பிடித்துவிடும். அடுத்த நாள் விடிந்தால் மறுபடி கொழுந்து எடுக்கப் போக வேண்டும் என்பதால் அந்த ஒரு ராத்திரியை இழுத்து நீட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

தமிழ் இலக்கணம் இந்த இடத்தில் கை கொடுக்கிறது. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்றார். குறிஞ்சிக்குச் சிறுபொழுது யாமம். பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். மலை, குளிர், நள்ளிரவு மூன்றையும் ஒரே உணர்வின் இருக்கையாக வைத்தது இந்த வகுப்பு. பழைய மைதானத்தைப் பற்றிப் பேசுகிறவர்களைக் கவனித்தால் இந்த வரிசை மாறாது. யார் கோல் அடித்தார் என்பதில் இரண்டு பேருக்குள் சண்டை வரும். எந்த மூலையில் நின்று பார்த்தோம், எத்தனை மணிக்கு இருட்டியது, யாருடைய கம்பளியை யார் போர்த்திக்கொண்டார்கள் என்பதில் சண்டை வருவதே இல்லை. கருப்பொருளும் உரிப்பொருளும் மறந்தாலும் முதற்பொருள் நிற்கிறது.

லண்டன் கதைக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அப்டன் பார்க்கில் மைதானம்தான் போனது, ரசிகர்கள் அதே தெருக்களில் இருந்தார்கள். மூணாறில் மைதானம் அப்படியே இருக்கிறது; ரசிகர்கள்தான் போக வேண்டியிருக்கிறது. லயத்து வீடு நிறுவனத்தின் சொத்து. வேலை ஓய்ந்து, குடும்பத்தில் வேறு யாரும் தோட்டத்தில் இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். தாத்தா காலத்தில் மலை ஏறிய குடும்பம் பேரன் காலத்தில் போடிக்கோ, கம்பத்துக்கோ, உத்தமபாளையத்துக்கோ, இன்னும் தெற்கே தென்காசிப் பக்கத்துக்கோ இறங்குகிறது. பிறந்த வீட்டில் வேறொரு தொழிலாளி குடியிருப்பார். வளர்ந்த தெரு நிறுவனத்துக்குச் சொந்தம். திரும்பிப் போய் நின்று ‘இது நம்ம இடம்’ என்று கூச்சப்படாமல் சொல்ல எஞ்சியிருப்பது கோயிலும் மைதானமும்தான். அப்டன் பார்க்குக்காக அழுகிறவரின் ஏக்கத்தைவிட இந்த ஏக்கம் கனமானது என்று சொன்னால் மிகை இருக்காது. லண்டன்காரர் கட்டடத்தை இழந்தார், மலை இறங்கியவர் ஊரையே இழந்திருக்கிறார்.

கீழே பள்ளத்தாக்கில் விளையாட்டு ராத்திரிக்குப் பஞ்சமில்லை. சுவரொட்டிகளில் ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’ என்ற வரியைப் பார்க்காமல் தேனியிலிருந்து கூடலூர் வரை போய்விட முடியாது. கம்பம் நட்டு, விளக்குக் கட்டி, இரண்டு ராத்திரி ஆடி, விடிந்ததும் பிரித்துவிடுவார்கள். இங்கே மைதானம் என்பதே ஒரு பந்தல் மாதிரி.

பெரியகுளம் மட்டும் விலக்கு. அங்கே சில்வர் ஜூப்ளி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் பி.டி.சிதம்பர சூரியநாராயணன் நினைவுச் சுழற்கோப்பை அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி அறுபது ஆண்டு வரிசையைத் தாண்டிவிட்டது. மாம்பழம் வண்டி வண்டியாக இறங்குகிற மே மாதத்தில் இந்தியக் கடற்படையும் விமானப்படையும் சென்னை இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் கேரள மின்வாரியமும் இந்தச் சிறு நகரத்துக்கு வந்து ராத்திரி விளக்கொளியில் ஆடுகின்றன. பெருநகரங்களுக்கே வாய்க்காத அணிகள்! ஆறடிக்கு மேல் வளர்ந்த ஆட்டக்காரர்கள் பெரியகுளத்துக் கடைகளில் டீ குடிக்கிற காட்சியை மூன்று தலைமுறை பார்த்திருக்கிறது. இந்த ஊரில் கூடைப்பந்து தெரியாதவர்கூட ‘மே மாச மேட்ச்’ என்றால் எதைச் சொல்கிறார்கள் என்று தெரிந்து வைத்திருப்பார். 2020-இலும் 2021-இலும் கொரோனாக் காலத்தில் ஊரே வீட்டுக்குள் முடங்கியபோது, அந்த ராத்திரிகளின் அருமை இன்னும் கூடித் தெரிந்திருக்கும்.

பழைய மைதானங்களைப் புகழும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. அவற்றில் பல, மனிதரைக் கொன்றிருக்கின்றன. 1985 மே மாதம் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் பழைய மரமாடத்தின் அடியில் சேர்ந்திருந்த குப்பையில் தீப்பற்றி 56 பேர் இறந்தார்கள். 1989-இல் அங்கேயே ஹில்ஸ்பரோ மைதானத்தில் கம்பி வேலிக்குள் நசுங்கிப் போனவர்கள் 97 பேர். அதன் பிறகு நீதிபதி டெய்லர் 1990-இல் தந்த அறிக்கைதான் பெரிய அணிகளின் மைதானங்களில் நின்று பார்ப்பதை முடித்து, எல்லோருக்கும் இருக்கை போட வைத்தது. நம் நாட்டில் 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டனில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தின்போது நெரிசலில் 16 பேர் போனார்கள். நெருக்கம்தான் சுகம் என்று ரசிகர் சொல்கிறார். அதே நெருக்கம்தான் எமனாகவும் வந்தது. ஏக்கத்தின் கணக்குப் புத்தகத்தில் செலவுப் பக்கம் எப்போதும் வெறுமையாகவே இருக்கிறது.

ஆனால் இடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்பதும் உண்மையில்லை. ஆர்சனல் 1913 முதல் ஆடிய ஹைபரியில் 2006 மே 7 அன்று கடைசி ஆட்டம் நடந்தது. மூன்று கோல் போட்ட தியரி ஆன்றி குனிந்து புல்லை முத்தமிட்டார். அங்கே வீடுகள் வந்தாலும் கிழக்கு மாடத்தின் முகப்பைத் தொடவில்லை. ஆடுகளம் இருந்த இடம் குடியிருப்போரின் தோட்டமாக இருக்கிறது. லிவர்பூலில் எவர்டன் 1892 முதல் ஆடிய குடிசன் பார்க்கின் மூலையில் ஒரு தேவாலயம் ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்தப் புல்தரையின் ஓரத்தில் நூற்றுக்கணக்கான ரசிகர்களின் அஸ்தி புதைந்திருக்கிறது. இடம் தீர்ந்துபோகவே கழகம் அந்த வழக்கத்தை நிறுத்தியது. 2025 மே 18 அன்று ஆண்கள் அணி அங்கே கடைசியாக ஆடி சவுத்தாம்ப்டனை 2-0 என்று வென்றது. குடிசனையும் இடிப்பதாகத்தான் முதலில் திட்டம் இருந்தது. பிறகு மனம் மாறி, 2025-26 பருவத்திலிருந்து அதை எவர்டன் பெண்கள் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

மூணாறில் மைதானம் இருக்கிறது, கேடயம் இருக்கிறது. பிரிந்து கிடப்பது ஆட்களின் நினைவுதான். போடியிலும் கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் மலையில் எடுத்த ஒரு குழுப்படம் மாட்டிய வீடுகள் இருக்கும்: நடுவில் கேடயம், இரண்டு வரிசையில் பையன்கள், ஓரத்தில் கோட்டுப் போட்ட மேனேஜர். படத்தில் உட்கார்ந்திருப்பவர் யார், எந்த எஸ்டேட், எந்த வருஷம் என்பதை வீட்டுப் பெரியவரிடம் கேட்டுப் பென்சிலால் படத்தின் பின்புறம் எழுதி வைக்க ஒரு சாயங்காலம் போதும்.