மதுரைக்கும் வாகைக்குளத்துக்கும் நடுவே

சேத்தூர் வருகிறவர்கள் பெரும்பாலும் இறங்குவது மதுரை, இல்லையென்றால் தூத்துக்குடி வாகைக்குளம். இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று பேத்தி கேட்டாள். இரண்டும் ஏறத்தாழ 78 டிகிரி தீர்க்கரேகையில் தெற்கு வடக்காக இருக்கின்றன. அட்சரேகை வித்தியாசம் 1.11 டிகிரி, டிகிரிக்கு 111 கி.மீ. வான்வழியில் 123 கி.மீ. சாலையில் 140-ஐ ஒட்டி வரும்.

அந்த 111-ஐ நம் மண்ணில் அளந்தவர் வில்லியம் லாம்டன். 1802-இல் பரங்கிமலை அருகே தொடங்கி, பிறகு இதே 78 டிகிரியை ஒட்டிக் குமரி வரை அளந்தார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் (அதுவும் விமானம்தான்!) ஏற்றும்போது அரை டன் தியோடலைட் மோதிச் சேதமானது. பல வாரம் உட்கார்ந்து தாமே சரிசெய்தார். அதை ஊர் ஊராகச் சுமந்தவர்கள் நம் ஆட்கள். வகுப்பில் 111-ஐ மனப்பாடம் செய்யச் சொன்ன நான், அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.