பியானோவுக்குள் ஒரு அட்டை

பாண்டிச்சேரிக்குப் போனால் வெள்ளைக்காரத் தெருக்களில் ஒரு நடை நடந்துவிட்டு வருவீர்கள். மஞ்சள் சுவர், போகன்வில்லா, பிரெஞ்சுத் தெருப்பெயர்ப் பலகை. அங்கிருந்து தெற்கே கடலூர் தாண்டிப் போனால் வடலூர் வந்துவிடும். வள்ளலார் ஊர். இந்த ஊர்ப் பாட்டு ஒன்று பாரிஸ் வரை போய் பியானோவில் ஏறிய கதை தெரியுமா?

நடுவில் ஒரு பெண்மணி இருக்கிறார். கோயம்புத்தூர் தாயி. 1872-ல் பிறந்தவர், தேவதாசி மரபில் வந்தவர், இயற்பெயர் பழநிகுஞ்சரம். சென்னைக்கு வந்து பெயர் வாங்கினார். கிராமபோன் கம்பெனிக்காரர்கள் இங்கே குழாயைத் தூக்கிக்கொண்டு வந்தபோது பெரிய வித்வான்கள் பலர் தயங்கினார்கள். குரல் போய்விடும், ஆயுள் குறைந்துவிடும் என்றெல்லாம் பயம். துணிந்து முன்னே போய் நின்றவர்களில் தாசிப் பெண்கள்தான் அதிகம். தாயி நூற்றுக்கணக்கில் பாடிப் பதிவு செய்தார். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம்தான். அதற்குள் ஆலாபனை, பாட்டு எல்லாம் முடிந்தாக வேண்டும். அருட்பாவை ராகமாலிகையாகப் பாடியதும் அதில் ஒன்று.

1912-ல் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க ஒரு பிரெஞ்சுக்காரர் வருகிறார். மோரீஸ் தெலாஜ். வசதியான வீட்டுப் பிள்ளை. உலகப் புகழ் பெற்ற மோரீஸ் ராவெலின் சிஷ்யர், நெருங்கிய நண்பரும்கூட. (அந்த வருஷம் பாண்டிச்சேரியில் பாரதியார் 'பாஞ்சாலி சபதம்' முதல் பாகத்தை அச்சில் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதையும் ஓரமாக நினைவில் வையுங்கள்.) தெலாஜ் ஊர் திரும்பும்போது பெட்டியில் இந்திய இசைத்தட்டுகள்.

முதலில் 'நான்கு இந்துக் கவிதைகள்' வந்தது. 1914 ஜனவரி 14 அன்று பாரிஸில் அரங்கேற்றம். அதே மேடையில் ராவெலின் புதுப் பாட்டுகள், ஸ்த்ராவின்ஸ்கியின் பாட்டுகள். லேசான கூட்டாளிகள் இல்லை! நான்கு பாட்டுக்கும் நான்கு ஊர்ப் பெயர். முதல் பாட்டு 'மதராஸ்'.

பிறகுதான் நம்ம கதை. தாயியின் தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அதை ஒட்டியே 'ராகமாலிகா' என்று ஒரு பாட்டு எழுதினார். துணைத் தலைப்பு, 'தமிழ்ப் பாட்டு'. சொற்கள் வள்ளலாருடையவை. பிரெஞ்சுப் பாடகி தமிழில் பாட வேண்டும், பக்கத்தில் பியானோ.

இங்கே ஒரு சிக்கல். பியானோவில் 88 கட்டைகள். கட்டையை அழுத்தினால் ஒரு சுத்தியல் தந்தியைத் தட்டும், அந்த ஒரு சுரம் கேட்கும், அவ்வளவுதான். அடுத்த சுரத்துக்குத் தாண்டலாமே தவிர வழுக்கிப் போக முடியாது. கமகம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நம்முடைய சங்கீதத்தில் கமகத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? தெலாஜ் வளைவுகளைக் குரலுக்கு விட்டுவிட்டார். பியானோவிடம் கேட்டது தாள வாத்தியத்தின் 'தொம்' சத்தம். பியானோ அடித்தால் 'கணீர்' என்று இழுக்குமே? அதற்கு அவர் செய்த வேலை: மந்தர ஸ்தாயியில் பி ஃப்ளாட் என்ற ஒரே சுரத்தின் தந்திக்கு அடியில் ஓர் அட்டைத் துண்டைச் செருகச் சொல்லிவிட்டார். கார்வை செத்து, கொட்டு போலக் கேட்கிறது.

பியானோத் தந்திகளுக்கு நடுவே திருகாணி, ரப்பர் எல்லாம் செருகி அமெரிக்காவின் ஜான் கேஜ் பேர் வாங்கியது 1940 வாக்கில். எரிக் சாத்தி என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரரும் தெலாஜ் காலத்திலேயே காகிதம் வைத்து விளையாடியிருக்கிறார். யார் முதல் என்ற சண்டை இசை சரித்திரக்காரர்களுக்கு. என் ஆதங்கம் வேறு. இந்தப் பட்டியலில் தெலாஜ் பெயர் வருகிறது, கேஜ் பெயர் வருகிறது. அந்த அட்டையைச் செருக வைத்த குரலின் பெயரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? வித்வான்கள் தமிழில் பாடுவதில்லையே, தெலுங்கையே அரைக்கிறார்களே என்று பாரதியார் எழுதினார். தமிழைப் பாடிய ஒருத்தியின் தட்டு அதற்குள் கடல் தாண்டியாகிவிட்டது. தாயி 1917-ல் காலமானார். வயது 45.

கச்சேரியில் இதை வாசிக்கிற பியானோக்காரருக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு. முதலில் எழுந்து, பெட்டிக்குள் குனிந்து, சரியான தந்தியைத் தேடி அட்டையைச் செருக வேண்டும். பாட்டு முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்து வரும் ராவெலும் 'தொம்' என்பார்!