கடலடிச் சிலைகளும் உயிரிரக்கமும்

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் எண்ணிக்கை கொண்டு ஆறு வகையாகப் பிரித்தார். நத்தைக்கும் சிப்பிக்கும் இரண்டறிவு, நண்டுக்கு நாலறிவு என்பது அவர் கணக்கு. எங்கள் சமண நூல்களும் பொறிகளின் எண்ணிக்கையை வைத்தே உயிர்களை வரிசைப்படுத்துகின்றன. எதைக் கொல்லலாம் என்று பார்ப்பதற்காக ஏற்பட்ட வரிசையல்ல இது. கண்ணுக்கு எட்டாத இடத்திலும் உயிர் உண்டு, பார்த்து நட என்று சொல்வதற்காக ஏற்பட்டது. கடலடி விஷயத்தில் மனிதன் இதை அடியோடு மறந்துவிட்டான். அதை நினைவூட்ட, கடலுக்குள்ளேயே சிலைகளை இறக்கிய சிற்பிகளின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

1954-இல் இத்தாலியின் சான் புருத்துவோசோ கரைக்கு அருகே ஏசுநாதரின் வெண்கலச் சிலை ஒன்று கடலுக்குள் நிறுத்தப்பட்டது. செய்தவர் குயிதோ கல்லெத்தி. புகழ்பெற்ற சிலைதான். ஆனால் அது மனிதருக்காக மனிதர் வைத்தது. மீனுக்கும் பவளத்துக்கும் அங்கே பங்கு ஒதுக்கப்படவில்லை.

அந்தப் பங்கைக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஜேசன் டிகேரஸ் டெய்லர் என்ற ஆங்கிலேயச் சிற்பி. கரீபியன் தீவான கிரெனடாவை 2004-இல் ஐவன் புயல் தாக்கியது. பவளப்பாறைகளும் சேதப்பட்டன. 2006-இல் அத்தீவின் மொலினியர் விரிகுடாவில் அவர் சிலைகளை இறக்கினார். கைகோத்து வட்டமாக நிற்கும் குழந்தைகள் அவற்றில் பெயர்பெற்றவை. காரத்தன்மை குறைந்த சிமெண்டில், மேற்பரப்பைச் சொரசொரப்பாக விட்டு வார்த்தார். பவளத்தின் குஞ்சுகள் வந்து ஒட்டிக்கொள்ள வேண்டுமே, அதற்காக.

அடுத்தது மெக்சிகோவின் கான்கூன். அங்கே சுற்றுலாக்காரர் கூட்டம் இயற்கைப் பாறைகளையே மிதித்தும் தொட்டும் நாசம் செய்துகொண்டிருந்தது. கூட்டத்தைத் தடுக்க முடியாது, திசை திருப்பலாம் என்று கடற்பூங்கா அதிகாரிகள் எண்ணினார்கள். 2009-இல் கடலடி அருங்காட்சியகம் உருவாயிற்று. 450 மனித உருவங்கள் ஒரே கூட்டமாக நிற்கின்றன. உள்ளூர்க்காரர்களையே அச்சாக வைத்து வார்த்தவை. முழு அளவில் ஒரு ஃபோக்ஸ்வேகன் கார்கூட உண்டு. அதன் வயிற்றுக்குள் கல் இறால்கள் குடியிருக்க அறைகள் விட்டிருக்கிறார்கள். இந்தக் கலையைச் சுவரில் மாட்டிப் பார்க்க முடியாது. தண்ணீருக்குள் இறங்கி, மூச்சை அளந்து விட்டுக்கொண்டுதான் பார்க்க வேண்டும். சில வருஷத்தில் பாசியும் பவளமும் படர்ந்து முகமே மாறிப்போகிறது. சிற்பி தொடங்கியதைக் கடல் தன் போக்கில் முடிக்கிறது.

இத்தாலியின் தலமோனே கடலில் நடந்தது இன்னும் நேரடியான காரியம். சட்டத்துக்கு விரோதமாக இரவில் வரும் இழுவைப்படகுகள் கடற்புல்லை வேரோடு சுரண்டிப் போய்க்கொண்டிருந்தன. பாவ்லோ பான்சியுல்லி என்ற மீனவர் கராரா சுரங்க உரிமையாளரிடம் பளிங்குக்கல் கேட்டார். இரண்டு கேட்டவருக்கு நூறு கிடைத்தது. எமிலி யங் முதலிய சிற்பிகள் செதுக்கிக் கொடுக்க, 2015 முதல் சிலைகள் கடலில் இறங்கின. வலை இவற்றில் மாட்டினால் கிழியும். இங்கே சிலையே காவல்காரன்.

நம் பக்கத்துக் கணக்கையும் புரட்டிப் பார்க்க வேண்டும். மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகளைப் பல்லாண்டுக் காலம் வெட்டி, சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் சிமெண்டுக்கும் அனுப்பினோம். அரண் போனதும் அலை சும்மா இருக்குமா? 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டும் முழுகிப் போயின. 2001-இல் பவள உயிர்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. பின்னர் 2015-இல் தொடங்கி, கரைந்துகொண்டிருந்த வான் தீவைக் காக்கச் சிமெண்ட் வார்ப்புகளைச் செயற்கைப் பாறைகளாக இறக்கினார்கள். பவளத்தைச் சிமெண்டாக்கிய நாமே, சிமெண்டைக் கொண்டு பவளத்துக்கு வீடு கட்டிக்கொடுக்க வேண்டியதாயிற்று.

இதனால் பாவம் தீர்ந்ததா என்றால், இல்லை. கடல் சூடேறினால் பாறையில் வளர்ந்த பவளமும் வெளிறும், சிலையில் வளர்ந்த பவளமும் வெளிறும். ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் கரையில் 2019-இல் டெய்லர் நிறுத்திய பெண்ணுருவம் கடல்நீரின் சூட்டுக்கேற்ப நிறம் மாறி எச்சரிக்கிறது. அதற்குப் பிறகும் பெரும் பவளத்திட்டில் 2020, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் பரவலாக வெளிறல் நிகழ்ந்தது. வியாபாரப் பாஷையில் சொன்னால், சிலைகள் வட்டி கட்டுகின்றன, அசல் அப்படியே நிற்கிறது. சிமெண்ட் தயாரிப்பே புகை கக்கும் தொழில் என்பதையும் மறக்கக்கூடாது.

ஆனாலும் வட்டி கட்டுபவன் கடனை ஒப்புக்கொண்டவன். அந்த அளவில் இச்சிற்பிகள் வணக்கத்துக்குரியவர்கள். அசலைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. கூடத்து அலமாரிக்கென்று பவளக் கிளையையும் கடல்விசிறியையும் வாங்காதிருப்பது சின்னத் தொடக்கம். வாங்குவோர் இல்லையென்றால் வெட்டுவோரும் இல்லை. சிப்பிக்கும் அறிவு உண்டென்று எழுதிவைத்த மொழியைப் பேசுகிற நமக்கு இது பெரிய பாரமாகாது.