துப்பாக்கித் தொலைநோக்கியும் கண்ணும்

ரைபிளின் மேல் பொருத்தும் தொலைநோக்கியை, அதாவது ஸ்கோப்பை, இலக்கைப் பெரிதாக்கும் கருவி என்றே பலரும் நினைக்கிறார்கள். கண்ணுக்கு அது செய்யும் பெரிய உதவி வேறு. வெறும் இரும்புக் குறிகளை வைத்துச் சுடுபவர் பின்குறி, முன்குறி, இலக்கு என வெவ்வேறு தூரத்தில் இருக்கும் மூன்றையும் ஒரே நேரத்தில் பார்க்கவேண்டும். கண்ணோ ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் தெளிவாகக் காட்டும். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து விழுந்தவருக்கு முன்குறியே கலங்கித் தெரியும். ஸ்கோப்பில் குறுக்குக்கோடும் இலக்கும் ஒரே தளத்தில் விழுவதால் இந்தத் தொல்லை இல்லை.

இதன் தொடக்கம் அமெரிக்காவில். 1840களில் நியூயார்க் மாநிலத்து யூட்டிகா நகரில் துப்பாக்கி செய்துவந்த மார்கன் ஜேம்ஸ், ஜான் சாப்மனின் யோசனைப்படி நீண்ட குழல் ஸ்கோப்புகளைச் செய்தார். 1855இல் சிராக்யூஸ் நகரின் வில்லியம் மால்கம் நிறப்பிறழ்ச்சி நீக்கிய வில்லைகளைப் பயன்படுத்தினார். உருவத்தின் ஓரத்தில் வானவில் கசிவது குறைந்தது. கண்ணின் பாடு மட்டும் தீரவில்லை. உள்நாட்டுப் போரில் (1861–65) தென்மாநிலப் படையின் குறிசுடுவோர் சிலர் இங்கிலாந்தின் விட்வொர்த் ரைபிளில், இடப்பக்கம் பொருத்திய டேவிட்சன் ஸ்கோப்பைக் கண்ணோடு ஒட்டிவைத்துச் சுட்டார்கள். ஒவ்வொரு வெடிக்கும் குழல் பின்னுதைத்தது. சண்டை முடிந்ததும் யார் அந்த ரைபிளைப் பிடித்திருந்தார் என்பதைக் கண்ணைச் சுற்றிய கறுப்பே சொல்லிவிடும்.

இன்றைய ஸ்கோப்புகளில் பெரும்பாலும் 75 முதல் 100 மி.மீ. வரை கண் தள்ளியிருக்கலாம். நெருங்கினால் புருவத்தில் பிறைவடிவ வெட்டு விழும். விலகினாலும் நன்மையில்லை: இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி வழங்கிய ZF41 ஸ்கோப், 1.5 மடங்கே பெரிதாக்கி, கண்ணுக்கு வெகு முன்னால் உட்கார்ந்திருந்தது. அதில் தெரிந்த காட்சி சாவித்துவாரம் அளவுதான்.

அடுத்தது வெளிச்சம். முகப்பு வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 40 மி.மீ. வில்லையில் 4 மடங்கு வைத்தால் 10 மி.மீ.; 10 மடங்கு வைத்தால் 4 மி.மீ. இளைஞரின் கண்மணி இருட்டில் சுமார் 7 மி.மீ. விரியும். அந்தி வேட்டைக்கு ஜெர்மானியர் 8×56 ஸ்கோப்பை (8 மடங்கு, 56 மி.மீ. வில்லை) விரும்புவது இந்தக் கணக்கால்தான். வயதானவரின் கண்மணி அவ்வளவு விரியாது. மிஞ்சிய ஒளி வீண். ஆனால் கற்றை அகலமாக இருந்தால் தலை சற்று அசைந்தாலும் ஓரத்தில் கருநிழல் படராது. 1935இல் ஜைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா கண்டறிந்த பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சு, வில்லைகளில் சிதறி வீணான ஒளியை மீட்டுத் தந்தது.

குறுக்குக்கோட்டைத் தெளிவாக்க, வெளிர்வானைப் பார்த்தபடி கண்பக்க வளையத்தைத் திருகவேண்டும்; ஓரிரு வினாடிதான் பார்க்கலாம். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் தன்னையே தகவமைத்துக்கொண்டு மங்கலை மறைத்துவிடும். வலி பிறகு வரும். ஒற்றைக்கண்ணை இறுக மூடுவது தவறான பழக்கம், முகத்தசை சோர்ந்துவிடும். பன்னாட்டுப் போட்டிகளில் மூடாத மறுகண்ணின் முன்னே சிறு மறைப்பு வைத்துக்கொள்ளலாம்.

எல்லோரும் ஸ்கோப்பை நாடவில்லை. 1939–40 குளிர்காலப் போரில் பின்லாந்தின் குறிசுடும் வீரர் சிமோ ஹாய்ஹா இரும்புக் குறியையே வைத்துக்கொண்டார்: ஸ்கோப்புக்குத் தலையை உயர்த்தவேண்டும், பனியில் கண்ணாடியும் மங்கும்.

தற்போது மின்னணுத் திரையும் வெப்பப் படிமமும் கொண்ட ஸ்கோப்புகளும் கிடைக்கின்றன.