1963 என்.சி.ஏ.ஏ. கூடைப்பந்தாட்ட இறுதிப் போட்டி

1963 என்.சி.ஏ.ஏ. கூடைப்பந்தாட்ட இறுதிப் போட்டி என்பது ஐக்கிய அமெரிக்காவின் கல்லூரி ஆடவர் அணிகள் மோதும் தேசியத் தொடரின் அவ்வாண்டு இறுதி ஆட்டமாகும். இது 1963 மார்ச் 23 அன்று கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரிலுள்ள ஃப்ரீடம் ஹால் அரங்கில் நடைபெற்றது. சிக்காகோவின் லொயோலா பல்கலைக்கழக அணி, முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் வாகை சூடிய சின்சினாட்டி பல்கலைக்கழக அணியைக் கூடுதல் நேரத்தில் 60–58 என்ற புள்ளிக் கணக்கில் வென்றது. தொடக்கத்தில் 14 எறிவுகளில் 13-ஐத் தவறவிட்ட அணி, பின்னர் 15 புள்ளிகள் பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு வென்றமையால் இவ்வாட்டம் நினைவுகூரப்படுகின்றது. ஆட்டத்தைத் தொடங்கிய பத்து வீரர்களுள் எழுவர் கறுப்பினத்தவர் ஆவர். இத்தகைய இறுதிப் போட்டி அதற்கு முன் நடந்ததில்லை.

பின்னணி

அக்காலத்தில் பல கல்லூரிகள் ஒரே நேரத்தில் களத்தில் இருக்கும் கறுப்பின வீரர்களின் எண்ணிக்கைக்கு எழுதப்படாத ஒரு வரம்பை வைத்திருந்தன. லொயோலாவின் பயிற்சியாளர் ஜார்ஜ் அயர்லாந்து அவ்வரம்பைப் பொருட்படுத்தவில்லை. அவருடைய தொடக்க ஐவருள் ஜெர்ரி ஹார்க்னஸ், ரான் மில்லர், லெஸ் ஹன்டர், விக் ரவுஸ் ஆகிய நால்வரும் கறுப்பினத்தவர். சிக்காகோவைச் சேர்ந்த ஜான் ஈகன் மட்டுமே வெள்ளையர். 1962 டிசம்பரில் வயோமிங் அணியுடனான ஆட்டத்தில் ஐந்து கறுப்பின வீரர்கள் ஒருசேரக் களத்தில் நின்றனர்.

லொயோலா அவ்வாண்டு நாட்டிலேயே அதிகப் புள்ளிகள் குவித்த அணியாகும். ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 90 புள்ளிகளுக்கு மேல் எடுத்தது. தொடரின் முதல் ஆட்டத்தில் டென்னசி டெக் அணியை 111–42 என வீழ்த்தியது. எட் ஜக்கர் பயிற்றுவித்த சின்சினாட்டியோ இதற்கு நேர்மாறான அணி. நிதானமாகப் பந்தைக் கடத்தி, எதிரணிக்கு மிகக் குறைந்த புள்ளிகளையே விட்டுக்கொடுப்பது அதன் வழக்கம்.

மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்துடன் ஆட்டம்

இறுதிப் போட்டியைவிடவும் வரலாற்றாளர்கள் அதிகம் பேசுவது, மார்ச் 15 அன்று மிச்சிகன் மாநிலத்தின் ஈஸ்ட் லான்சிங்கில் நடந்த ஆட்டத்தைப் பற்றியே. மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழக அணி வெள்ளையர் மட்டுமே கொண்டது. கறுப்பினத்தவருடன் விளையாடக் கூடாது என்ற எழுதப்படாத விதியால் 1959, 1961, 1962 ஆகிய ஆண்டுகளில் தொடருக்குத் தகுதி பெற்றும் அது பங்கேற்கவில்லை. 1963-இல் பல்கலைக்கழகத் தலைவர் டீன் கோல்வர்ட் அணியை அனுப்பத் துணிந்தார். பயணத்தைத் தடுக்க நீதிமன்றத் தடையுத்தரவு பெறப்பட்டது. அவ்வுத்தரவு கையில் கிடைக்குமுன் பயிற்சியாளர் பேப் மெக்கார்த்தி மாநிலத்தை விட்டு வெளியேறினார். வீரர்கள் மறுநாள் காலை விமானம் ஏறினர்.

ஆட்டம் தொடங்குமுன் இரு அணித்தலைவர்களான ஹார்க்னசும் ஜோ டான் கோல்டும் கைகுலுக்கியபோது ஒளிப்படக் கருவிகள் மின்னின. இவ்வாட்டத்திலும் லொயோலாவின் தொடக்கம் மந்தமே. எதிரணி முதல் ஏழு புள்ளிகளையும் எடுத்த பின்னரே அது விழித்துக்கொண்டு, 61–51 என வென்றது. தொடர்ந்து இல்லினாய், டியூக் அணிகளையும் வீழ்த்தி இறுதிப் போட்டியை எட்டியது.

இறுதி ஆட்டம்

முதற்பாதி முழுவதும் ஆட்டம் சின்சினாட்டியின் விருப்பப்படியே நகர்ந்தது. இடைவேளையில் அவ்வணி 29–21 என முன்னிலை வகித்தது. லொயோலாவின் தலைசிறந்த எறிவாளரான ஹார்க்னஸ் அதுவரை ஒரு புள்ளிகூட எடுத்திருக்கவில்லை. இரண்டாம் பாதியில் இடைவெளி மேலும் விரிந்து, ஏறத்தாழ 12 நிமிடங்கள் எஞ்சியிருந்தபோது 45–30 ஆயிற்று.

இன்றைய ஆட்டத்தைப் பார்த்துப் பழகியோர்க்கு 15 புள்ளிகள் பெரிதாகத் தோன்றாமற் போகலாம். ஆனால் அன்று மூன்று புள்ளி எறிவு கிடையாது. குறிப்பிட்ட நொடிகளுக்குள் எறிந்தாக வேண்டும் என்ற கட்டுப்பாடும் இல்லை; அது 1985–86 பருவத்தில்தான் கல்லூரி ஆட்டங்கள் அனைத்துக்கும் வந்தது. முன்னிலையில் உள்ள அணி பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நேரத்தைக் கடத்திவிடலாம். சின்சினாட்டி அதையே செய்ய முற்பட்டது. அதுவே அவ்வணிக்கு வினையாயிற்று.

எறிவதை நிறுத்திய அணியை லொயோலா வீரர்கள் களம் முழுவதும் துரத்தி நெருக்கினர். சின்சினாட்டியின் முன்னணி வீரர்கள் நான்காம் பிழையை எட்டினர். ஐந்தாவது பிழை வெளியேற்றும் என்பதால் அவர்களால் தாராளமாகத் தடுத்தாட இயலவில்லை. ஆட்டம் முழுவதிலுமாகச் சின்சினாட்டி 16 முறை பந்தை இழந்தது, லொயோலா 3 முறை மட்டுமே இழந்தது. எறிவுக் கணக்கு இன்னும் வியப்பானது. சின்சினாட்டி 45 எறிவுகளில் 22-ஐக் கூடையில் இட்டது. லொயோலா 84 முறை எறிந்து 23 முறைதான் வெற்றி கண்டது. அதாவது லொயோலாவின் குறி கடைசிவரை திருந்தவே இல்லை; எதிரணியைவிட ஏறத்தாழ இருமடங்கு வாய்ப்புகளைப் பெற்றதால்தான் அது மீண்டது.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோதுதான் ஹார்க்னசின் முதற் கூடை விழுந்தது. 12 நொடிகள் எஞ்சிய நிலையில் 53–52 என முன்னிலையிலிருந்த சின்சினாட்டியின் லாரி ஷிங்கிள்டனுக்கு இரண்டு தண்டனை எறிவுகள் கிடைத்தன. முதலாவது விழுந்தது. இரண்டாவதும் விழுந்திருந்தால் மூன்று புள்ளி வேறுபாடாகி ஆட்டம் அத்துடன் முடிந்திருக்கும். அது வளையத்தில் பட்டுத் திரும்பியது. ஹன்டர் பந்தைப் பிடித்து மில்லரிடம் கொடுக்க, மில்லர் ஹார்க்னசிடம் சேர்த்தார். சில நொடிகள் இருக்கையில் ஹார்க்னஸ் கூடையில் இட, ஆட்டம் 54–54 எனச் சமனாயிற்று.

கூடுதல் நேரத்தில் 58–58 என்ற நிலையில் லொயோலா கடைசி எறிவுக்காகப் பந்தை வைத்திருந்தது. ஈகனின் கையிலிருந்த பந்தை ஷிங்கிள்டன் பற்றிக்கொண்டதால், நடுவர் பந்தை உயரே எறிய இருவரும் தாவினர். ஈகன் அதைத் தன் அணியினரிடம் தட்டிவிட்டார். பின்னர் ஹார்க்னஸ் எறிய முனைந்து, மனம் மாறி ஹன்டரிடம் கொடுத்தார். ஹன்டரின் எறிவு தவறியது. திரும்பி வந்த பந்தை ரவுஸ் பிடித்துக் கூடையில் இட்டபோது கடிகாரத்தில் ஒரு நொடியே மீதமிருந்தது.

அயர்லாந்து அன்று மாற்று வீரர் எவரையும் இறக்கவில்லை. ஐவருமே 45 நிமிடங்களும் ஆடினர். ஹன்டர் 16, ரவுஸ் 15, ஹார்க்னஸ் 14, ஈகன் 9, மில்லர் 6 புள்ளிகள் எடுத்தனர். ஆட்டத்தின் மிகுதியான புள்ளிகள் தோற்ற அணியின் ரான் பானமுடையவை (22).

பிற்காலம்

1966-இல் ஐந்து கறுப்பின வீரர்களுடன் தொடங்கி கென்டக்கியை வென்ற டெக்சாஸ் வெஸ்டர்ன் அணியே பொதுவாக முன்னோடியாகக் கூறப்படுகின்றது. அதன் சிறப்பு குறைந்ததன்று எனினும், மூன்றாண்டுகள் முந்திய லொயோலாவின் வெற்றி நெடுங்காலம் அதன் நிழலிலேயே இருந்துவிட்டது. 2013-இல் அவ்வணி முழுமையாகத் தேசியக் கல்லூரிக் கூடைப்பந்தாட்டப் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு அணியினர் வெள்ளை மாளிகையில் அதிபர் பராக் ஒபாமாவைச் சந்தித்தனர்.

ஜோ டான் கோல்ட் 2011-இல் காலமானபோது ஹார்க்னஸ் கென்டக்கி சென்று இறுதிச் சடங்கில் கலந்துகொண்டார். கைகுலுக்கும் அந்தப் பழைய ஒளிப்படம் அங்கு வைக்கப்பட்டிருந்தது. 2012 டிசம்பரில் இரு பல்கலைக்கழக அணிகளும் சிக்காகோவில் மீண்டும் ஓர் ஆட்டத்தில் சந்தித்தன. ஹார்க்னஸ் 2021-இல் காலமானார்.