58 சதத்துக்குப் போன ஸ்வெட்டர்

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

2014 ஆம் ஆண்டு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஆஷ்வில் என்றொரு நகரம். அங்குள்ள 'குட்வில்' தொண்டுக் கடைக்கு ஒரு கணவனும் மனைவியும் போகிறார்கள். பழைய உடுப்புகளை வாங்கி விற்பவர்கள். அந்தக் கடையில் ஒவ்வொரு உடுப்புக்கும் தனி விலை இல்லை, தராசில் நிறுத்துத்தான் காசு. அவர்கள் எடுத்த உடுப்புகளில் 'வெஸ்ட் பாய்ண்ட்' என்று எழுதிய பழைய கம்பளி ஸ்வெட்டர் ஒன்றும் இருந்தது. நிறுத்துப் பார்த்ததில் அதற்கு விழுந்த விலை 58 சதம். ரூபாயில் அல்ல, டொலரில் 58 சதம். அப்படியும் ஒரு டொலர் இல்லை.

பிறகு ஒருநாள் கணவர் வின்ஸ் லொம்பார்டி பற்றிய ஆவணப்படம் ஒன்றைப் பார்க்கிறார். அதில் லொம்பார்டி அதே மாதிரி ஸ்வெட்டர் போட்டிருக்கிறார். வீட்டில் இருந்ததை எடுத்து உட்பக்கம் பார்த்தால் சிறிய துணித்துண்டு ஒன்றில் 'லொம்பார்டி 46' என்று இருக்கிறது. 2015 பெப்ரவரியில் நியூயோர்க்கில் அந்த ஸ்வெட்டர் ஏலத்துக்கு வந்து 43,020 டொலருக்குப் போனது. அன்றைய நாணய மாற்றில் நமது காசுக்கு 50 இலட்சத்துக்கும் மேல்.

யார் இந்த லொம்பார்டி? அமெரிக்கர்கள் 'புட்போல்' என்பது நமது உதைபந்தாட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும், றக்பிக்குக் கொஞ்சம் கிட்டிய விளையாட்டு. அதில் அவர் பெரும் பயிற்றுநர். 1949 முதல் 1953 வரை வெஸ்ட் பாய்ண்ட் இராணுவக் கல்லூரியில் உதவிப் பயிற்றுநராக இருந்தவர். பின்னர் கிரீன் பே பெக்கர்ஸ் அணியை ஐந்து தடவை தேசிய சம்பியனாக்கினார். முதல் இரண்டு 'சுப்பர் போல்' வெற்றிகளும் அதற்குள் அடக்கம். 1970 இல் காலமானார். இன்று சுப்பர் போல் வெல்லும் அணிக்குக் கொடுக்கும் கிண்ணத்துக்கே அவருடைய பெயர்தான்.

அப்படிப்பட்டவருடைய ஸ்வெட்டர் தொண்டுக் கடைத் தராசுக்கு எப்படி வந்தது?

அதற்கு அந்தக் கடைகளின் கதை தெரிய வேண்டும். 1902 இல் பொஸ்டன் நகரில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்ட் போதகர், வசதியான வீடுகளில் வேண்டாமென்று ஒதுக்கிய உடுப்பையும் தளபாடத்தையும் சேகரித்தார். வேலையில்லாத ஏழைகளைக் கொண்டு அவற்றைத் திருத்தி, குறைந்த விலைக்கு விற்று, அந்தக் காசில் அவர்களுக்கே சம்பளம் கொடுத்தார். அதுதான் குட்வில்லின் தொடக்கம். இங்கிலாந்தில் 1942 இல் ஆரம்பித்த ஒக்ஸ்பாம், அந்தத் தசாப்தம் முடிவதற்குள் ஒக்ஸ்போர்ட் நகரின் புரோட் வீதியில் கடை திறந்தது. நோக்கம் ஒன்றுதான்: ஒருவருக்குத் தேவையில்லாதது இன்னொருவருக்கு உதவட்டும்.

இந்தக் கடைகளுக்குப் பொருள் வந்து குவியும். ஒவ்வொன்றையும் ஆராய யாருக்கும் நேரமில்லை. சாதாரணக் கடையில் விலைபோகாதது கடைசியில் நிறைக்கு விற்கும் இடத்துக்குப் போகும். லொம்பார்டியோடு வெஸ்ட் பாய்ண்டில் இருந்த ஒருவரின் குடும்பத்திலிருந்து அந்த ஸ்வெட்டர் வந்ததாகப் பின்னர் தெரிய வந்தது. கணவர் மௌத்தாகிவிட்டார். மனைவி பழைய உடுப்புகளை நல்ல மனதோடு தானம் செய்தார். அவ்வளவுதான். அதில் குற்றம் சொல்ல எதுவுமில்லை. வாங்கியவர்களும் கேட்ட காசைக் கொடுத்து வெளிப்படையாகவே வாங்கினார்கள்.

நான் யோசிப்பது வேறு. கம்பளி அதே கம்பளி. நூல் மாறவில்லை, நிறை மாறவில்லை. 58 சதத்துக்கும் 43,020 டொலருக்கும் இடையில் இருந்தது ஒரு பெயர் மட்டும். உட்பக்கம் தைத்திருந்த அந்தத் துணித்துண்டு கழன்று போயிருந்தால் அது இன்னும் ஒரு பழைய ஸ்வெட்டர்தான்.

வரலாற்றுப் பாடத்தில் இலக்கிய மூலாதாரம், தொல்பொருள் மூலாதாரம் என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். கல்லில் எழுத்து இருந்தால்தான் அது கல்வெட்டு, இல்லாவிட்டால் கல். இந்த ஸ்வெட்டரும் அப்படித்தான்.

கிரிக்கெட்டிலும் இதைப் பார்த்தோம். 2020 ஜனவரியில் ஷேன் வோர்ன் தனது பச்சை டெஸ்ட் தொப்பியை, அவுஸ்திரேலியக் காட்டுத்தீயால் பாதிக்கப்பட்டவர்களுக்காக ஏலத்தில் விட்டார். 1,007,500 அவுஸ்திரேலிய டொலருக்குப் போனது. தொப்பிக்கு உள்ளே இருக்கும் துணிக்கா அந்தக் காசு? இது இன்னாருடையது என்று சந்தேகமில்லாமல் தெரிந்ததற்குத்தான்.

இப்படிக் காசு புழங்கும் இடத்துக்குக் களவும் வரும். 1990களில் அமெரிக்காவின் எப்.பி.ஐ. 'ஒப்பரேஷன் புல்பென்' என்ற பெயரில் ஒரு விசாரணை நடத்தி, விளையாட்டு வீரர்களின் கையெழுத்தைப் போலியாகப் போட்டு விற்ற கூட்டத்தைப் பிடித்தது. ஆகவே கையெழுத்து மட்டும் போதாது. பொருள் யாரிடமிருந்து யார் கைக்கு வந்தது என்ற தொடர் வேண்டும். அந்தத் தொடரைச் சொல்லக்கூடியவர்கள் முதலில் வீட்டு ஆட்கள்தான்.

இனி நமது ஊருக்கு வருவோம்.

நமது ஊர்களில் தொண்டுக் கடைகள் இல்லை. ஆனால் தராசு இருக்கிறது. போத்தல், பழைய பேப்பர், இரும்பு வாங்க வருகிறவரிடம் நிறுத்துத்தான் கொடுக்கிறோம். பித்தளைக் கிண்ணம் பித்தளை விலைக்கு, பழைய கோவை பேப்பர் விலைக்கு. அவர் தன் தொழிலைச் செய்கிறார். கொடுப்பது நாம்.

1948 இலண்டன் ஒலிம்பிக்கில் டங்கன் வைட் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளி வென்றதும், 1973 இல் நமது எம். ஜே. எம். லாபிர் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்றதும் புத்தகத்தில் இருக்கும். நமது ஊர் உதைபந்தாட்டக் கழகத்தில் முதல் கோல்காப்பாளர் யார், மாவட்டப் போட்டிக்கு முதன்முதலில் போன பிள்ளை யார் என்பது எந்தப் புத்தகத்திலும் இராது. அது ஒரு மூத்தாப்பாவின் அலுமாரியில், மங்கிய குழுப் படம் ஒன்றில் இருக்கும். அந்தப் படத்தில் நிற்கும் பதினொரு பேரின் பெயரும் தெரிந்த ஒருவர் இன்றைக்கு இருப்பார். அவரும் போய்விட்டால் அது பதினொரு முகம் மட்டும்.

இவற்றை விற்றால் 43,020 டொலர் வருமா? வராது. அதற்காக இதைச் சொல்லவுமில்லை. நமது பிள்ளைகள் தங்கள் ஊருக்கு வரலாறே இல்லை என்று நினைத்து வளரக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

செய்யக்கூடிய சில சின்ன வேலைகள்:

படத்தின் பின்புறம், ஓரமாக, மெல்லிய பென்சிலால் பெயர், ஆண்டு, இடம் எழுதுங்கள். போல்பொயின்ற் பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும், மையும் ஊறும்.

பழைய சான்றிதழையும் படத்தையும் லெமினேட் பண்ண வேண்டாம். ஒட்டினால் பிறகு பிரிக்க முடியாது.

பழைய பதக்கத்தைப் பளபளக்கத் தேய்க்க வேண்டாம். பொறித்த எழுத்துத் தேய்ந்து போகும்.

ஜேர்சி, தொப்பி, பிளேசர் எதையும் கொடுக்கும் முன் கழுத்துப் பட்டியையும் உட்பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியம், வயதானவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கைத்தொலைபேசியில் குரலைப் பதிந்து வையுங்கள். பத்து நிமிடம் போதும்.

தானம் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாராளமாகக் கொடுங்கள். உடுப்பு அடுத்தவருக்குப் போகட்டும், பெயரை மட்டும் நாம் எழுதி வைத்துக்கொள்வோம்.

இந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு அலுமாரியையாவது திறந்து பாருங்கள். என்ன கிடைத்தது என்று எனக்கும் சொல்லுங்கள்.