திருத்தந்தையின் காரும் தொழுநோயாளரின் ஊரும்

கொங்கு நாட்டாருக்கு மோட்டார் வண்டிகளின் மேல் உள்ள பற்று நாடறிந்த ஒன்று. 1920ஆம் ஆண்டில் ஒரே ஒரு பேருந்தைக் கொண்டு தொழில் தொடங்கிய ஜி.டி. நாயுடு அவர்களின் பெயரால் இயங்கும் அறநிலையம், 2015ஆம் ஆண்டில் கோவையில் கார்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்தது. நம் போத்தனூருக்குத் தெற்கே செட்டிபாளையத்தில், கோவை தந்த பந்தய வீரர் கரிவரதனின் பெயரைத் தாங்கிய ஓட்டப் பந்தயத் தடம் 2003 முதல் இருந்து வருகிறது. இத்தகைய மண்ணில் வாழும் நமக்கு, விலையுயர்ந்த ஒரு காரை ஒருவர் ஏழைகளுக்கென்று கொடுத்துவிட்டார் என்ற செய்தி வியப்பைத் தரும். ஒரு கேள்வியையும் எழுப்பும். பசித்தவனுக்குச் சோறு கொடுக்கலாம், ஆடையற்றவனுக்குத் துணி கொடுக்கலாம். ஏழைக்குக் கார் எதற்கு? இக்கேள்விக்கு நம் நாட்டிலேயே, நம் திருச்சபை வரலாற்றிலேயே ஒரு விடை உண்டு. அதனைச் சற்று விரிவாக எண்ணிப் பார்ப்போம்.

1964ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் பம்பாய் மாநகரில் 38ஆம் அகில உலக நற்கருணை மாநாடு தொடங்கியது. இந்தியாவின் முதல் கர்தினாலாகிய வலேரியன் கிராசியஸ் அப்போது பம்பாயின் பேராயர். டிசம்பர் 2ஆம் நாள் திருத்தந்தை ஆறாம் பவுல் அங்கு வந்து இறங்கினார். அந்நாளில் நம் மூத்தோர் அவரை ஆறாம் சின்னப்பர் என்றே அழைத்தனர். உரோமை ஆயர் ஒருவர் இந்திய மண்ணில் கால் பதித்தது அதுவே முதன்முறை. சமய வேறுபாடின்றி மக்கள் சாலையோரங்களில் திரண்டு நின்றனர்.

அவர் நகரை வலம் வருவதற்கென்று வெண்ணிற லிங்கன் காண்டினெண்டல் கார் ஒன்று வந்திருந்தது. அது அமெரிக்க மக்களின் அன்பளிப்பு. அம்பாசடரும் ஃபியட்டும் பெறுவதற்கே ஆண்டுக்கணக்கில் காத்திருந்த அக்கால இந்தியாவில், அப்படியொரு வண்டியைக் கண்ணால் காண்பதே அரிது. டிசம்பர் 5ஆம் நாள் விடைபெறும் முன், திருத்தந்தை அந்தக் காரை அன்னை தெரேசாவின் அன்புப் பணிக்கென்று கொடுத்துவிட்டார்.

அன்னை தெரேசா அக்காலத்தில் உலகப் புகழ் பெற்றவர் அல்லர். அவருடைய பிறரன்புப் பணியாளர் சபை 1950ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் கல்கத்தாவில் தொடங்கப்பட்டது. அதற்கு அப்போது வயது பதினான்குதான். நோபல் பரிசு வருவதற்கு இன்னும் பதினைந்து ஆண்டுகள் இருந்தன. குடிசைப் பகுதிகளுக்குக் கால்நடையாகச் செல்லும் சகோதரிகளுக்கு அத்தகைய கார் எதற்குப் பயன்படும்? அதன் எரிபொருளுக்குக்கூட அவர்கள் கடன் வாங்க வேண்டியிருந்திருக்கும். அன்னை அதில் ஒருமுறையேனும் ஏறிச் சென்றதில்லை என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பர்.

அவர் செய்தது வேறு. காரைப் பரிசாக வைத்துக் குலுக்கல் சீட்டு நடத்தினார். காரை நேரே விற்றிருந்தால் செல்வர் ஒருவரின் பணம் மட்டும் வந்திருக்கும். குலுக்கலிலோ அந்தக் காரை ஒருநாளும் வாங்க இயலாத எழுத்தரும் ஆசிரியரும் கடைக்காரரும் ஆளுக்கொரு சீட்டு வாங்கலாம். சிறுதுளிகள் சேர்ந்து, காரின் விலையை மிஞ்சும் வெள்ளமாகலாம். அவ்வாறே மிஞ்சியது. அந்தப் பணம், மேற்கு வங்காளத்தில் ஆசன்சோல் அருகே அரசு அளித்த நிலத்தில் தொழுநோயாளருக்கென எழுந்த சாந்தி நகர் என்னும் ஊரை உருவாக்கத் துணைபுரிந்தது. சாந்தி நகர் என்றால் அமைதியின் நகர்.

தொழுநோயாளருக்கு ஊர் என்பது அக்காலத்தில் எத்தகைய பேறு என்பதை இன்றைய இளைஞர் உணர்வது கடினம். நோயைவிடக் கொடியது, அது கொண்டுவந்த விலக்கு. மனைவி மக்களை விட்டு விரட்டப்பட்டவர்கள் இரயில் நிலையங்களிலும் கோயில் வாசல்களிலும் கையேந்தி வாழ்ந்தனர். இருப்புப் பாதையால் வளர்ந்த நம் போத்தனூர் போன்ற ஊர்களில் முதியோருக்கு அக்காட்சி நினைவிருக்கும். நோயைத் தடுக்கும் மருந்து 1940களிலேயே வந்துவிட்டது. வேலூரில் மருத்துவர் பால் பிராண்டு, முடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்திக் காட்டினார். ஆயினும் நிமிர்ந்த கைக்கு வேலை கொடுப்பார் இல்லை. குணமடைந்தவருக்கு வாடகைக்கு வீடு தருவார் இல்லை. ஆகவே அவர்களுக்கு வேண்டியிருந்தது மருந்து மட்டும் அன்று. குடும்பத்தோடு வாழ ஒரு கூரையும், உழைத்து உண்ண ஒரு வழியுமாகும். கல்கத்தாவை அடுத்த டிட்டாகரில் அன்னையின் சபை நடத்திய இல்லத்தில் தொழுநோயாளர் தறி நெய்தனர். சகோதரிகள் உடுத்தும் நீலக்கரைச் சேலை அவர்கள் கைவண்ணமே. அதே எண்ணத்தின் விரிவுதான் சாந்தி நகர். மன்னர்க்குரிய ஒரு வண்டி, விரட்டப்பட்டோர்க்கு வீடாயிற்று.

திருத்தந்தையின் இச்செயல் திடீரென எழுந்த ஓர் உணர்ச்சியின் விளைவு அன்று. அதற்கு மூன்று வாரங்களுக்கு முன், 1964 நவம்பர் 13ஆம் நாள், வத்திக்கான் சங்கத் தந்தையர் கூடியிருக்கையில், மிலான் மக்கள் தமக்கு அளித்த மும்முடியை அவர் புனித பேதுரு பேராலயப் பீடத்தின்மேல் வைத்து ஏழைகளுக்கென்று காணிக்கையாக்கினார். பம்பாயில், உலக நாடுகள் படைக்கலன்களுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை ஏழை நாடுகளின் நலனுக்கு ஒதுக்க வேண்டுமென்று வேண்டினார். 1967இல் வெளியிட்ட ‘மக்களின் முன்னேற்றம்’ என்ற சுற்றுமடலிலும் அவ்வேண்டுகோளைப் புதுப்பித்தார். அரசுகளைப் பார்த்துக் கொடுங்கள் என்று கேட்பவர், தம் கையில் உள்ளதை முதலில் கொடுத்தாக வேண்டும் அன்றோ!

இம்மரபு மிகப் பழையது. கி.பி. 378இல் அட்ரியானோப்பிள் போரில் உரோமைப் படை தோற்றது. கோத்தியர் பலரைச் சிறைபிடித்துச் சென்றனர். அவர்களை மீட்க மிலான் ஆயர் புனித அம்புரோசியார் கோயிலின் பொற்பாத்திரங்களை உருக்கி விற்றார். ஆரியக் கொள்கையினர் அவரைப் பழித்தனர். திருச்சபை பொன்னை வைத்திருப்பது பூட்டிக் காப்பதற்கன்று, இடுக்கண் வரும்போது செலவிடுவதற்கே என்பது அவர் தந்த மறுமொழியின் சாரம்.

எனினும் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அதை மறைத்துப் பேசுவது முறையன்று. பெத்தானியாவில் மரியா விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை இயேசுவின் காலடியில் ஊற்றியபோது, அதை முந்நூறு தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டவன் யூதாசு. அது ஒரு கூலியாளின் ஏறத்தாழ ஓராண்டு ஊதியம். கணக்கு சரிதான், கேட்டவனின் நெஞ்சம் சரியில்லை. ஏழைகளின் பெயரைச் சொல்லிக் கணக்குப் பார்ப்போர் எல்லாரும் ஏழைகளை நேசிப்பவர் அல்லர் என்று நற்செய்தியாளர் யோவான் நமக்கு எச்சரிக்கிறார்.

இக்கணக்கு நம் காலத்திலும் எழுந்தது. 2005 ஜனவரியில் இத்தாலியின் ஃபெராரி நிறுவனம், என்சோ என்னும் தன் அரிய விளையாட்டுக் கார்களில் கடைசியாகிய 400ஆம் காரைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலுக்குக் காணிக்கையாக்கியது. ஆழிப்பேரலை நாகப்பட்டினத்தையும் வேளாங்கண்ணியையும் ஆசியக் கரைகள் பலவற்றையும் சூறையாடி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதனை விற்று ஆழிப்பேரலையால் துயருற்றோருக்குக் கொடுக்குமாறு திருத்தந்தை விரும்பினார். அவர் ஏப்ரலில் இறைவனடி சேர்ந்தார்; ஜூனில் கார் 9,50,000 யூரோவுக்கு ஏலம் போயிற்று. பத்தாண்டு கழித்து, 2015இல், அதே கார் அமெரிக்காவில் 60 லட்சம் டாலருக்கும் மேல் விலைபோனது.

கணக்கறிந்தோர் உடனே கேட்பர்: பத்தாண்டு பொறுத்திருந்தால் ஐந்து மடங்குக்கு மேல் உதவியிருக்கலாமே? நாம் கேட்கிறோம்: படகையும் வலையையும் கடலில் பறிகொடுத்த மீனவர் அந்தப் பத்தாண்டும் எதை உண்டிருப்பர்? விலை ஏறட்டும் என்று காத்திருப்பது வணிகனுக்கு அறிவு. பசித்தவன் வாசலில் நிற்கையில் அது அறமாகாது. அம்புரோசியார் பொன் விலை ஏறுமென்று காத்திருந்தால், மீட்கப்பட வேண்டியோர் அடிமைச் சந்தையில் மறைந்திருப்பர்.

இந்த உணர்வு திருச்சபைக்கு மட்டும் உரியதன்று. ஆங்கில நாட்டில் ஜாகுவார், ஆஸ்டன் மார்ட்டின் போன்ற பழைய விளையாட்டுக் கார்களைக் குடும்பச் சொத்தாய்ப் போற்றுவோர் பலர். அவற்றை அறப்பணிகளுக்கு எழுதி வைப்போரும் உண்டு. அந்நாட்டார் ஒருவர் தாம் போற்றிய பழைய ஃபெராரிகள் இரண்டை, 1824 முதல் கடலில் உயிர்காத்து வரும் படகு நிறுவனத்திற்கு உயிலெழுதினார். 2015இல் அவை ஏறத்தாழ 85 லட்சம் பவுண்டுக்கு விற்றன. திருத்தந்தை பிரான்சிசும் 2017இல் தமக்கு வந்த லம்போர்கினி காரை ஏலத்திற்கு விட்டார். 2018இல் அது ஈட்டிய 7,15,000 யூரோவில் ஒரு பகுதி, ஈராக்கில் நினிவே சமவெளிக் கிறித்தவர் தம் வீடுகளுக்குத் திரும்ப உதவுவதற்கென ஒதுக்கப்பட்டது.

குலுக்கல் பற்றியும் ஒரு சொல். தமிழக அரசு 1968இல் பரிசுச் சீட்டைத் தொடங்கியது. கூலியாளரின் குடும்பங்கள் அதனால் சீரழிவதைக் கண்டபின் 2003இல் சீட்டு விற்பனையே தடை செய்யப்பட்டது. நற்செயலுக்கான குலுக்கலைத் திருச்சபை தன்னிலேயே தீயதெனக் கொள்வதில்லை. ஆனால் ஏழையின் அடுப்பை அணைத்து மற்றோர் ஏழைக்கு விளக்கேற்றுவது பிறரன்பு ஆகாது. மிஞ்சியதிலிருந்து வாங்குபவனுக்கே அச்சீட்டு தகும். கொடையாளரின் கருத்து கவனமாக நிறைவேற்றப்பட வேண்டும் என்பது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் விதி. பங்குகளில் காணிக்கைகளைக் கையாளும் நாம் அனைவரும் அதை நெஞ்சில் நிறுத்த வேண்டும்.

ஆறாம் பவுலுக்கு அந்தக் கார் இலவசமாக வந்ததுதானே, அதைக் கொடுப்பதில் தியாகம் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கைம்பெண்ணின் இரு காசுகளுக்கு அது ஈடாகாது என்பதை அவரே முதலில் ஒப்புக்கொண்டிருப்பார். ஆனால் நம்மிடம் உள்ள எதுதான் இலவசமாக வராதது? உயிரும் உடலும் அறிவும் மண்ணும் மழையும் கேட்டா பெற்றோம்? பெற்றதைப் பூட்டி வைப்பதா, கை மாற்றிக் கொடுப்பதா என்பதே நம்முன் உள்ள தேர்வு. நம் வீட்டுப் பெட்டியில் அணியப்படாத நகையும், உழப்படாத ஒரு துண்டு நிலமும் இருக்கலாம். அவை விலையேறக் காத்திருக்கின்றன. அவற்றுக்காகக் காத்திருப்போரும் இருக்கின்றனர். அவர்களுள் யாரை நாம் அதிக நாள் காக்க வைக்கிறோம் என்பதை இத்தவக்காலத்திலேனும் எண்ணிப் பார்ப்போமாக.